உப்புப் போட்டால் திருக்கை தெளிந்துவிடுமா?

முத்துக்குளத்தான்

வணக்கம். ஆறு மாதமாக நன்னீர்த் தொட்டியில் ஒரு மொட்டோரோ திருக்கை வளர்க்கிறேன். வாலை விட்டுவிட்டால் உடல்தட்டு ஒரு சாண் அகலம். நான்கு நாளாகச் சாப்பாட்டில் மனமில்லை. இறால் போட்டால் மேலே வந்து படுத்துக்கொள்கிறது, அப்புறம் மெல்லாமலே நகர்ந்துவிடுகிறது. தட்டின் ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருக்கிறது.

வாங்கிய கடையில் கேட்டேன். "திருக்கைன்னா கடல் மீன்தானே சார், ரெண்டு கைப்பிடி கல்லுப்புப் போடுங்க, சொந்த ஊரு ஞாபகம் வந்து தெளிஞ்சிடும்" என்றார். ஒரு கைப்பிடி போட்டுவிட்டேன். இரண்டாவதைப் போடும் முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மணல்வீடு

அந்த இரண்டாவது கைப்பிடியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அம்மோனியா அளந்தீர்களா? ஓரம் சுருள்வதும் அடி சிவப்பதும் பெரும்பாலும் தண்ணீர் கெட்டதற்கான அடையாளம். அதுவும் சுருள்வது கடைசிக் கட்டத்துக்கு முந்தைய அடையாளம்.

முத்துக்குளத்தான்

இப்போதுதான் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது நல்ல பச்சையாக வருகிறது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினேன்.

மணல்வீடு

அதுதான் தம்பி. பளிச்சென்று போனது அழுக்கு மட்டும் இல்லை, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விட்டது. குழாயில் குளோரின் வேறு. இன்று மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீர், அதே வெப்பநிலை. நாளைக்கும் மாற்றுங்கள். தீனியை நிறுத்துங்கள். நண்பர் யாரிடமாவது நன்கு ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி இருந்தால் அவருடைய பழைய ஸ்பாஞ்சு ஒன்றைக் கெஞ்சியாவது வாங்கி உங்கள் ஃபில்டரில் திணியுங்கள். செம்பு கலந்த மருந்து எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். திருக்கைக்கு அது விஷம்.

ஆழிமகள்

விலங்கியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, வம்பே அதில்தான். மொட்டோரோவின் மூதாதையர் கடலில் இருந்து வந்தவர்கள்தான். ஆனால் தென் அமெரிக்காவின் ஆறுகளுக்குள் வந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இதற்குள் திரும்பிப் போகிற வழியை உடம்பே மறந்துவிட்டது.

கடல் திருக்கையும் சுறாவும் இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்துவைக்கும். நாம் சிறுநீரில் கழிக்கிறோமே, அதே யூரியா. கடலின் உப்பு உடம்புத் தண்ணீரை இழுத்துவிடாதபடி உள்ளேயும் வெளியேயும் அடர்த்தியைச் சமமாக்க அவை கண்டுபிடித்த வழி அது. மிஞ்சும் உப்பை வெளியே தள்ள மலக்குடல் ஓரமாக ஒரு சுரப்பி உண்டு. 1967இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் தார்சனும் உடன் உழைத்தவர்களும் ஆற்றுத் திருக்கையின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கடல் இனங்களில் லிட்டருக்கு 300 மில்லிமோலுக்கு மேல் இருக்கும் யூரியா இதில் ஏறக்குறைய இல்லவே இல்லை. பின்னாளில் பார்த்தபோது அந்த உப்புச் சுரப்பியும் சூம்பிப்போய்க் கிடந்தது.

சரி, உப்புத் தண்ணீரில் விட்டால் பழையபடி யூரியாவைச் சேர்க்கத் தொடங்குமா என்று கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டியும் சோதித்தார்கள். பாதிக் கடல் அளவு உப்பு வரை தாக்குப்பிடித்தது, யூரியா மட்டும் ஏறவில்லை. முழுக் கடல்நீர் அதற்கு மரணம். உங்கள் ஒரு கைப்பிடி அதைக் கொல்லாது, பயப்படாதீர்கள். ஆனால் ஊர் ஞாபகமெல்லாம் வராது, அந்த ஊரே அதற்கு இல்லை.

இன்னொன்று. நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றுவதைக் கைவிட்டதால் இது பெரும்பாலும் அம்மோனியாவாகவே வெளியே விடுகிறது. அமேசானில் அதை அடித்துக்கொண்டு போக ஆறு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு ஸ்பாஞ்சு இருந்தது.

பழைய வலைஞன்

அம்மா, நான் படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் நீங்கள் சொல்வது என் மூக்குக்குத் தெரியும். திருக்கையைப் பிடித்து ஐஸ் போடாமல் அரை நாள் வைத்துப் பாருங்கள், கண் எரியும். மூத்திர வாடை என்றுதான் எங்கள் கரையில் சொல்வார்கள். சுறாவும் அப்படித்தான். அதனால்தான் உடனே அறுத்து இரத்தம் போகக் கழுவி உப்புப் போடுவோம். அந்த வாடை யூரியாவில் இருந்து வருவதா? அப்படியானால் ஆற்றுத் திருக்கை நாறாதா?

ஆழிமகள்

அண்ணே, இதை வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள். ஆமாம், செத்த பிறகு பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது, அதுதான் கண்ணை எரிக்கிறது. ஆற்றுத் திருக்கையில் உடைக்க யூரியாவே இல்லை. கெட்டால் மற்ற ஆற்று மீன் மாதிரிக் கெடுமே தவிர அந்தக் காரம் வராது.

இந்த விஷயத்தில் இது எவ்வளவு விசித்திரமான பிராணி என்று புரிய, காளைச் சுறாவைப் பாருங்கள். அதுவும் ஆறு ஏறும். அமேசானில் பெரு நாட்டின் இக்கிட்டோஸ் வரை போயிருக்கிறது, கடலில் இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். ஆனால் அது நன்னீரில் யூரியாவைக் குறைத்துக்கொள்ளுமே ஒழிய விட்டுவிடாது, திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பையில் வைத்திருக்கும். நிகரகுவா ஏரியில் இருக்கும் சுறாக்கள் தனி இனம் இல்லை, சான் ஹுவான் ஆறு வழியாகக் கரீபியன் கடலுக்குப் போய் வருபவை என்று அடையாள வில்லை கட்டி நிரூபித்ததும் இதே தார்சன்தான். ஒரு மனிதர், ஒரு பக்கம் டிக்கெட் வைத்திருக்கும் சுறா, மறுபக்கம் டிக்கெட்டைக் கிழித்துப்போட்ட திருக்கை.

குறுக்குக்கேள்வி

கடலில் இருந்து வந்தது என்று எல்லாரும் பாடுகிறீர்கள். எந்தக் கடல்? நான் படித்தவரை பசிபிக். 1981இல் புரூக்ஸ், தார்சன், மேயஸ் மூவரும் இதன் குடலில் இருக்கும் நாடாப்புழுக்களை வைத்து எழுதினார்கள். புழுக்களின் உறவினர்கள் பசிபிக் கரைத் திருக்கைகளில் இருக்கின்றன. ஆண்டிஸ் மலை எழும் முன் அமேசான் மேற்கே ஓடியது, மலை எழுந்ததும் வாசல் அடைபட்டு இவை உள்ளே மாட்டிக்கொண்டன என்பது கதை. அழகான கதை. இப்போது யாரும் சொல்வதில்லையே, ஏன்?

ஆழிமகள்

அழகாக இருப்பதால் ஒரு கதை நிலைத்துவிடாது என்பதுதான் சங்கடம். புழுவை வைத்து விருந்தாளியின் ஊரைக் கண்டுபிடிப்பது நல்ல யோசனைதான், எனக்கே பிடிக்கும். ஆனால் 1998இல் லவ்ஜாய், பெர்மிங்ஹாம், மார்ட்டின் மூவரும் திருக்கையின் டி.என்.ஏ.வையே எடுத்துப் பார்த்தார்கள். நெருங்கிய சொந்தம் மத்திய அமெரிக்காவின் இரண்டு பக்கக் கரையிலும் இருக்கும் ஒரு திருக்கைக் கிளை, ஒன்று கரீபியனில், இன்னொன்று பசிபிக்கில். அந்த இரண்டையும் 2016இல் ஸ்டைராகுரா என்று தனிப் பேரினமாக்கி இதே குடும்பத்தில் சேர்த்தார்கள். ஆற்றுக்குள் நுழைந்த காலமாக லவ்ஜாய் குழு கணித்தது மயோசீன், அதாவது 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரையான காலகட்டம். அப்போது மேற்கு அமேசான் முழுக்கப் பெபாஸ் என்கிற மாபெரும் சதுப்பு, ஏரிக் கூட்டம். வடக்கே கரீபியன் பக்கத்தில் இருந்து கடல் அவ்வப்போது உள்ளே புகுந்திருக்கிறது. உப்பும் நன்னீரும் மாறி மாறி வந்த அந்த இடம்தான் பழகுவதற்கான பள்ளிக்கூடம்.

திருக்கை மட்டும் வந்திருந்தால் தற்செயல் எனலாம். அமேசானில் நன்னீர்ப் பேத்தை மீன் இருக்கிறது, ஊசிமீன் இருக்கிறது, நெத்திலிச் சாதி இருக்கிறது, கத்தாழைச் சாதி இருக்கிறது. எல்லாம் கடல் குடும்பங்கள். ஒரு கூட்டமே உள்ளே வந்திருக்கிறது.

வரைபடத்தையும் பாருங்கள். ஆண்டிஸுக்கு மேற்கே பசிபிக்கில் விழும் ஆறுகளில் இந்த ஆற்றுத் திருக்கை ஒன்றுகூட இல்லை. கொலம்பியாவின் மாக்தலேனா, வெனிசுவேலாவின் மரக்காய்போ, ஓரினோகோ, அமேசான், தெற்கே பரானா, எல்லாவற்றிலும் இருக்கிறது. பசிபிக் வாசல் என்றால் வாசற்படியிலேயே ஆளைக் காணோமே?

குறுக்குக்கேள்வி

வாசற்படியில் ஆள் இல்லாதது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மயோசீனுக்கும் நான் ஒரு அடி வைத்திருக்கிறேன். பெருவின் உக்காயாலிப் பகுதியில் நடு இயோசீன் படிவுகளில் திருக்கைப் பற்கள் கிடைத்தன. 2014இல் அத்னே குழுவினர் பொட்டாமோட்ரைகான் உக்காயாலென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 4 கோடி ஆண்டுப் பழசு. பெபாஸ் பள்ளிக்கூடம் திறப்பதற்கு எவ்வளவோ முன்னால் மாணவன் வந்து உட்கார்ந்திருக்கிறானே?

ஆழிமகள்

அந்தப் பல் எனக்கும் தொண்டையில் மாட்டிய முள். பல்லை மட்டும் வைத்து இன்றைய பேரினத்திலேயே சேர்க்கலாமா என்பது ஒரு கேள்வி. இன்னொரு கடல் கூட்டம் முன்பே வந்து அழிந்திருக்கலாம். என் கட்சி இது: பசிபிக் வழக்கு தள்ளுபடி, வடக்கு வாசல் உறுதி, தேதிக்கு வாய்தா.

முத்துக்குளத்தான்

மூன்றாம் நாள். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் தன் தொட்டி ஸ்பாஞ்சைக் கொடுத்தார், கறுப்பாக, அருவருப்பாக, அழகாக இருந்தது. பச்சை இப்போது இளம்பச்சை. ஓரம் பாதி இறங்கிவிட்டது. நீங்கள் எல்லாரும் கோடி ஆண்டுக் கணக்கில் சண்டை போடுவதைப் படித்துக்கொண்டே தண்ணீர் தூக்கினேன், இடுப்பு வலி தெரியவில்லை.

ஒரு சந்தேகம். கடையில் "மொட்டோரோ", "பிளாக் டயமண்ட்", "டைகர்" என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. இவையெல்லாம் உண்மையிலேயே வேறு வேறு இனமா, அல்லது மாம்பழம் மாதிரி ரகமா?

மணல்வீடு

நல்லது, அந்த அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் தனித்தனி இனம்தான். தொல்லை என்னவென்றால் தொட்டியில் இவை சாதி பார்க்காமல் கலக்கும், பண்ணைகளில் வேண்டுமென்றே கலக்கிறார்கள். அதனால் கடைப் பெயரை நம்பி இனம் சொல்ல முடியாது.

பிளாக் டயமண்ட் என்பது லியோபோல்டி. கரிக்கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் மட்டும் உண்டு, பாறையும் தெளிந்த நீரும் உள்ள இடத்தில். பெல்ஜியத்தின் மூன்றாம் லியோபோல்ட் மன்னர் பெயரை வைத்தது. நத்தை, நண்டு உடைத்துத் தின்னும். டைகர் என்பது டிக்ரினா, பெருவின் நனாய் ஆற்றில் இருந்து 2011இல் தான் பெயர் பெற்றது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே மீன் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிக்கு முன் வியாபாரிக்குத் தெரிந்த மீன்கள் இந்தக் குடும்பத்தில் நிறைய.

ஆழிமகள்

அது உண்மை. ஆற்றுக்குள் மட்டும் வாழும் பேரினங்கள் நான்கு, இனங்கள் நாற்பதை ஒட்டி. பெரும்பாலானவை பொட்டாமோட்ரைகான், கிரேக்கத்தில் ஆறும் திருக்கையும் சேர்ந்த சொல். பராட்ரைகான் முன்விளிம்பு உள்வாங்கிய பெரிய வட்டத் தட்டு, கண் கடுகு மாதிரி, மீன் தின்னி. நூறு கிலோவைத் தொடும். ரொம்ப நாள் ஒரே இனம் என்று இருந்தது, 2021இல் ஓரினோகோவில் இருந்து இன்னும் இரண்டைப் பிரித்தார்கள். ஹெலியோட்ரைகான் தோசைக்கல் போல உருண்டை, வால் முள் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். 2011இல் தான் அப்படி ஒரு பேரினம் இருப்பதே பதிவானது. பிளெசியோட்ரைகானுக்கு வால் சாட்டை போல நீளம்.

நிறத்தை நம்பி இனம் பிரித்ததில்தான் இந்தத் துறை தடுமாறியது. ஒரே ஆற்றில் ஒரே இனம் பத்து விதமாகப் புள்ளி போட்டு வரும். 1960களில் அர்ஜென்டினாவில் மரியானோ காஸ்டெக்ஸ் என்ற இயேசு சபைக்காரர் பல இனங்களை விவரித்தார். 1985இல் ரிக்கார்டோ ரோசா தன் ஆய்வேட்டில் மொத்தத்தையும் அலசிச் சல்லடை போட்டார். இன்றும் மொட்டோரோ என்கிற பெயருக்குள் எத்தனை இனம் ஒளிந்திருக்கிறது என்பது ஓயாத சண்டை.

எனக்குப் பிடித்த பெயர் வாலசீ. ரியோ நீக்ரோவில் காய்ந்த இலைக் குவியலுக்குள் வாழும் குட்டி இனம், தட்டு ஓர் அடி அகலம். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1850களின் தொடக்கத்தில் அந்த ஆற்றில் மீன்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1852இல் ஊர் திரும்பும்போது கப்பல் தீப்பிடித்துச் சேகரிப்பு போய்விட்டது, மீன் படங்கள் பிழைத்தன. அதில் இந்தத் திருக்கையும் ஒன்று. பெயர் வைத்தது 2016இல்.

மனாஸ் மாப்பிள்ளை

வேலை நிமித்தம் மூன்று வருடமாகப் பிரேசிலின் மனாஸில் இருக்கிறேன். நீங்கள் வாலசீ என்கிற அந்தக் குட்டியை இங்கே குருரு என்கிறார்கள், தேரை என்று பொருள். பொதுவாகத் திருக்கைக்கு அராயா.

ரியோ நீக்ரோவில் தண்ணீர் வற்றும் மாதங்களில் வெள்ளை மணல் திட்டு எழும். குளிக்க இறங்குவோம். தண்ணீர் கடுங்காப்பி நிறம், முழங்கால் ஆழத்துக்கு மேல் கால் தெரியாது. எங்கள் படகுக்காரர் முதல் நாளே சொன்னார்: காலைத் தூக்கி வைக்காதே, மணலோடு இழுத்துக்கொண்டு நட. அவர் துடுப்பால் முன்னால் தட்டித் தட்டிப் போனார். நாலாவது தட்டில் மணல் கிளம்பியது, புகை மாதிரி. அந்தப் புகைக்குள் இருந்து முறத்தைச் சுண்டி எறிந்தது போல ஒன்று வழுக்கிப் போனது. அரை நிமிடம் நான் அசையவில்லை. அவர் சிரித்துக்கொண்டே தன் கணுக்காலைக் காட்டினார். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளமான பழைய தழும்பு. ஆற இரண்டு மாதமானதாம்.

பழைய வலைஞன்

கடல் திருக்கை எனக்கும் ஒருமுறை போட்டிருக்கிறது, புறங்கையில். உயிர் போகிற வலி, ஒரு இரவு, அப்புறம் சரி. இரண்டு மாதமா? ஆற்றுச் சாதிக்கு விஷம் அதிகமோ?

ஆழிமகள்

அண்ணே, முள்ளின் அமைப்பிலேயே வித்தியாசம் இருக்கிறது. கடல் திருக்கையில் விஷச் செல்கள் முள்ளின் அடிப்பக்கப் பள்ளங்களில் ஒதுங்கி இருக்கும். ஆற்றுத் திருக்கையில் முள்ளைப் போர்த்திய தோல் முழுக்கவே அந்தச் செல்கள். குத்தும்போது அந்த உறை கிழிந்து காயத்திலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் சதை அழுகுவது ஆற்று இனங்களில் அதிகம். பிரேசிலில் விடால் ஹட்டாட் குழுவினர் 84 பேருடைய காயங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் கால், பெரும்பாலும் மீனவர்களும் குளிப்பவர்களும்.

விஷமுறிவு மருந்து கிடையாது. தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி போல, வெந்நீரில் அரை மணியில் இருந்து ஒன்றரை மணி வரை காயத்தை வைத்தால் வலி நன்றாகத் தணியும். அழுகுவதை அது தடுக்காது, அதற்கு மருத்துவமனைதான். முத்துக்குளத்தான், உங்களுக்குத்தான் சொல்கிறேன், தொட்டியில் வெறுங்கை விடும்போது.

பழைய வலைஞன்

வெந்நீர் எங்கள் ஆட்களும் ஊற்றுவார்கள். நாங்கள் வலையில் ஏறியதும் முதல் வேலையாக வாலைத் தறிப்போம். அங்கேயும் அப்படித்தானா?

மனாஸ் மாப்பிள்ளை

தறிப்பார்கள். நீங்கள் தறிப்பது தின்பதற்காகக் கொல்லும்போது. இங்கே சில இடங்களில் சுற்றுலாக்காரர்கள் குளிக்கும் திட்டைச் "சுத்தம்" பண்ண உயிரோடு வாலை வெட்டிவிட்டுத் தண்ணீரில் எறிகிறார்கள், அல்லது கொன்றுவிடுகிறார்கள். காட்டைப் பார்க்க வருகிறவனுக்காகக் காட்டு மீனை ஒழிப்பது. எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

குறுக்குக்கேள்வி

செரிக்காததில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரானா ஆற்றின் மேல்பகுதியில் முன்பு இந்தத் திருக்கையே கிடையாது. குவைராவில் செட்டே கெடாஸ் என்ற பெரும் அருவி தடுப்புச் சுவராக நின்றது. 1982இல் பிரேசில், பராகுவே எல்லையில் இத்தைப்பு அணை நிரம்பியபோது அருவி ஏரிக்குள் மூழ்கியது. சுவர் போனதும் மொட்டோரோவும் அதன் உறவினமான ஃபால்க்னெரியும் மேலே ஏறிவிட்டன. அடுத்தடுத்த அணைகளின் படகு மடைகள் வழியாக இன்னும் மேலே போகின்றன. தலைமுறை தலைமுறையாகக் காலைத் தூக்கி வைத்து நடந்த ஊர்க்காரர்கள் இப்போது குத்து வாங்கி இழுத்து நடக்கக் கற்கிறார்கள். திருக்கை மேல் தப்பா? கதவைத் திறந்தது யார்?

எதிர்ப்பக்கம் ஷிங்குவில் பெலோ மோன்டே அணை. 2016இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆறு பெரிதாக வளையும் வோல்டா கிராண்டேயில் நீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டதால் பாறைப் படுகையில் ஓட்டம் குறைந்தது. லியோபோல்டிக்கு அந்தப் படுகையை விட்டால் வேறு ஊர் இல்லை. ஓர் அணை ஒருவனுக்கு வழி திறந்தது, இன்னொன்று இன்னொருவன் வீட்டைக் காயப்போட்டது.

தோ பாயோ தம்பி

சிங்கப்பூரிலும் இதே மொட்டோரோ கதை உண்டு. வளர்த்தவர்கள் பெரிதானதும் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அப்பர் சிலேத்தாரில் அது குட்டி போட்டுக் குடியேறிவிட்டது. 2010 வாக்கிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். எங்கள் நீர்த்தேக்கத்தில் யாரும் குளிப்பதில்லை என்பதால் குத்து வாங்கிய கதை அதிகம் கேட்டதில்லை. ஆனால் முட்டையிடுகிற மீன் என்றால் முட்டையை மற்ற மீன் தின்னும், குறையும். இது உள்ளங்கை அகலக் குட்டியாகவே இறக்குகிறதே, எப்படி ஒழிப்பது?

மணல்வீடு

அதுதான் இவற்றின் பலமும் பலவீனமும். குட்டி குறைவு, ஆனால் முழுசாக வரும். தாய் வயிற்றுக்குள் கருப்பைச் சுவரில் இருந்து நூல் நூலாக நீட்சிகள் வளர்ந்து கொழுப்பும் புரதமும் நிறைந்த ஒரு பாலைச் சுரக்கும். கரு அதைக் குடித்து வளரும். மொட்டோரோ தொட்டியில் மூன்று மாதம் போலச் சுமக்கும். குட்டி சுருட்டின சப்பாத்தி மாதிரி வெளியே வந்து விரியும், முள் மேல் உறை போட்டிருக்கும், தாய்க்கு வலிக்காமல். அதே சமயம் பராட்ரைகான் ஒன்பது மாதம் சுமந்து பெரும்பாலும் இரண்டே குட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இதைத் தூண்டிலில் பிடித்துப் படகில் போட்டால் பயத்திலேயே குறைக்குட்டி போட்டுவிடும். அப்படிப் பிடித்துக்கொண்டே போனால் எப்படித் தாங்கும்?

விட்டுவிடுவதைப் பற்றி: தம்பி சொன்னதை எல்லாரும் மனதில் வையுங்கள். மொட்டோரோவுக்கு ஆழமான தொட்டி வேண்டாம், அகலமான தரை வேண்டும். மூன்றடித் தொட்டியில் வாங்குகிறவன் இரண்டாம் வருடம் ஏரியைத்தான் தேடுவான்.

முத்துக்குளத்தான்

என்னுடையது நாலடி. இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆறடிக்குத் தச்சரிடம் ஸ்டாண்டு சொல்லியிருக்கிறேன்.

இதற்கு லைசென்ஸ் மாதிரி ஏதாவது வேண்டுமா?

ஆழிமகள்

பிரேசில் 2017இல் தன் ஆற்றுத் திருக்கைகளைச் சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் மூன்றாம் இணைப்பில் போட்டது. 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் லியோபோல்டி, ஹென்லீ, வாலசீ உட்பட ஏழு இனங்கள் இரண்டாம் இணைப்புக்கு ஏறின. நம் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. உயிரோடு வைத்திருப்பவர் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மீனின் படத்தோடு.

முத்துக்குளத்தான்

ரசீது என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் "மீன் 1" என்று எழுதிக் கொடுத்தார்கள். போய்க் கேட்கிறேன்.

நல்ல செய்தி: ஏழாம் நாள், ஓரம் தட்டையாகிவிட்டது. நேற்று ஓர் இறால் கொடுத்தேன். மேலே போர்த்திக்கொண்டது, இரண்டு கண்ணும் உள்ளே அமிழ்ந்தன, உடம்பே அசைபோடுகிற மாதிரி ஆடியது. கண்ணாடி வழியாக அடியில் படுத்துப் பார்த்தேன். வாய் இடதும் வலதுமாகப் போய் வந்தது. மாடு அசைபோடுகிற மாதிரி! மீன் மெல்லுமா?

ஆழிமகள்

நீங்கள் பார்த்தது பெரிய விஷயம். 2016இல் கோல்மன் குழுவினர் இதே மொட்டோரோவுக்கு மீன், இறால், தட்டான்பூச்சிக் குஞ்சு மூன்றையும் கொடுத்து வேகக் கேமராவில் பிடித்தார்கள். மிருதுவான மீனைவிடத் தட்டான் குஞ்சுக்குத் தாடையைப் பக்கவாட்டில் அதிகம் அரைத்தது. பூச்சியின் ஓடு கைட்டின், கடிக்க வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. மெல்லுவது பாலூட்டிகளின் தனிச்சொத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கடலில் பூச்சி அபூர்வம், ஆற்றில் ஏராளம். புது ஊருக்குப் போனவன் புதுச் சாப்பாட்டுக்குத் தாடையைப் பழக்கிக்கொண்டான்.

இதுவும் கேளுங்கள்: ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் மொட்டோரோவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், 2022இல் வெளியானது. நீல வடிவங்களைக் காட்டினால் ஒன்று கூட்டு, மஞ்சள் என்றால் ஒன்று கழி. ஐந்துக்குள். எட்டுத் திருக்கையில் நான்கு தேறின. தேறியவை கூட்டலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரி.

பழைய வலைஞன்

என் பேரன் மூன்றாம் வகுப்பு. அவனிடம் சொல்ல வேண்டாம்.

முத்துக்குளத்தான்

இன்று தண்ணீர் மாற்றும்போது மணலில் ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. சல்லடையால் எடுத்தேன். முள்! இரண்டு பக்கமும் ரம்பப் பல், பல்லெல்லாம் பின்னோக்கி. நாலு சென்டிமீட்டர். வாலைப் பார்த்தால் அந்த இடத்தில் அடியில் சின்னதாக இன்னொன்று எட்டிப் பார்க்கிறது. வியாதியா?

மணல்வீடு

இல்லை, பால்பல் விழுகிற மாதிரி. அந்த முள் உண்மையில் தோலில் முளைத்த பல்தான், அவ்வப்போது உதிரும், கீழே புதியது தயாராக இருக்கும். சில நேரம் இரண்டும் சேர்ந்தே நிற்கும். உதிர்ந்ததன் மேல் தோல் ஒட்டியிருந்தால் கையால் தொடாதீர்கள். கொஞ்ச நாள் உப்பில் போட்டுக் காயவையுங்கள்.

முத்துக்குளத்தான்

அந்த இரண்டாவது கைப்பிடி உப்பு இன்னும் கிண்ணத்திலேயே இருக்கிறது. அதில் புதைத்துவிட்டேன்.